நல்ல காற்று வரும் வழி

தகரக் குழாய்க்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படிக் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார். வீட்டுக்காரர் முகமெல்லாம் அப்புறம்தான். "மனுசங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்று மனைவி இடித்துக் காட்டுவாள். என்ன செய்வது, பாதி ஆயுசு ஓட்டல் சமையலறைகளில் போய்விட்டது. அடுப்புக்கு மேல் கூண்டு மாட்டி, புகையை உறிஞ்சி மொட்டை மாடிக்கு ஏற்ற விசிறி வைத்த ஒரு குழாய். வெளியேறிய காற்றுக்கு ஈடாக நல்ல காற்றை இறக்க இன்னொரு குழாய். இரண்டாவதை எந்த முதலாளியும் தானாகக் கேட்டதில்லை. இவர்தான் மல்லுக்கட்டிப் போட வைப்பார்.

தெருமுனை ஓட்டல்தான் அவருடைய கடைசி வேலை. இரண்டு குழாய்களின் வாயும் மாடியில் எதிரெதிர் மூலையில் இருக்க வேண்டும். நடுவில் தண்ணீர்த் தொட்டி நின்றது. சுற்றிக்கொண்டு போக அலுப்பு. அன்று காற்று புகையைத் தெருப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. எப்போதும் இப்படித்தான் அடிக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். காற்று இவர் சொல்படி கேட்குமா?

அந்த வேலை முடிகிற நேரத்தில் சாரத்திலிருந்து விழுந்தார். முழங்கால் போனது. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. ஓட்டல் முதலாளியிடம் பல்லைக் காட்டி, மனைவியை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் வேலைக்கு அவரே சேர்த்துவிட்டார்.

பருவம் மாறியதும் காற்று திரும்பியது. மேலே போன புகை பக்கத்து வாய்க்குள் நுழைந்து, நல்ல காற்று என்ற பெயரில் அவள் தலைமேலேயே இறங்கியது. சளி என்றாள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள். புகைப்பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

குழாய்க்காரர் முதலாளியிடம் போய் நின்றார். "குழாயை மாத்தணுங்க. தப்பு என்னோடதுதான்."

"கடையை மூடிட்டு கூரையை உடைக்கச் சொல்றியா? அந்தம்மாவுக்கு முடியலன்னா சொல்லு, வேற ஆளு பாத்துக்கறேன்."

அந்தச் சம்பளமும் போய்விடக் கூடாதே என்று சமையலறைப் பக்கம் நகர்ந்தார். புகை விசிறி உள்ளிருந்து உறிஞ்சியதில் கதவு ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல காற்று வரும் வழியை யாரோ அடைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தார். இறங்கும் புகையைத் தடுக்கக் கூரைத் துவாரத்தில் சாக்கைத் திணித்திருந்தார்கள். உள்ளே வரக் காற்றில்லை. அதனால் புகையும் மேலே ஏறாமல் அடுப்பைச் சுற்றியே நின்றது.

நீளக் கம்பால் சாக்கை இழுத்துப் போட்டார். மாடிப் புகை குபுகுபுவென்று இறங்கியது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். சாக்கை மறுபடி திணித்தார். அப்போதும் இருமினாள்.

கோபிப்பாள் என்று நினைத்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் சட்டியில் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டே கேட்டாள்:

"சாக்கு இருந்தா இருமல் கம்மியா வருமா, எடுத்தா கம்மியா வருமா? நீங்க சொல்லுங்க, அப்படியே வெச்சிக்கறேன்."

ஆயுசு முழுக்க அடுத்தவர் கூரையைப் பார்த்துப் பதில் சொன்ன மனிதர், கையில் கம்போடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.