ஒத்திவைக்கப்பட்ட குதிரை வண்டி

விருதுநகருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அதன் நகராட்சிப் பிரசவ விடுதியில் ஆவுடைத்தாய் மருத்துவச்சியாக இருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த பெண்கள் மூன்று மைலுக்கு அப்பால் குடியிருந்தார்கள். வலி கண்டால் கட்டிலோடு தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். அவர்களைக் கூட்டிவர விடுதிக்கு ஒரு குதிரை வண்டி கேட்டு மூன்று வருடமாக மனுக் கொடுத்துவந்தாள்.

1961 பட்ஜெட் கூட்டத்தன்று நகராட்சி ஆபீஸ் வாசலிலேயே காத்து நின்றாள். பூங்காவுக்கு ரேடியோ வாங்கத் தீர்மானம் நிறைவேறியது. வண்டியை ஒத்திவைத்துவிட்டார்கள்.

"அடுத்த வருசம் பாப்போம்மா," என்றார் வெளியே வந்த சேர்மன் தனுஷ்கோடி.

"பிள்ளைக அதுவரைக்கும் பொறுக்குமாய்யா?"

அவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் தீப்பெட்டி ஆபீஸ் பெண் செல்லத்தாயைத் தூக்கிவருவதாகத் தகவல் வந்தது. தலைப்பிரசவம். ஆவுடைத்தாய் எதிரே ஓடினாள். பாதி வழியில், வேப்பமரத்தடியில் கட்டிலை இறக்கி வைத்திருந்தார்கள். தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

ரத்தக்கறைச் சேலையோடு நகராட்சி ஆபீசுக்குப் போய் நின்றாள். குமாஸ்தா தலைகுனிந்தபடி சொன்னார்: "இதையும் சேத்து எழுதிக் குடுங்கம்மா. அடுத்த கூட்டத்துல வைக்கச் சொல்றேன்."

எழுதிக் கொடுத்தாள். அதையும் ஒத்திவைத்தார்கள். அதோடு மனு எழுதுவதை விட்டுவிட்டாள்.

1968-இல் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை வண்டி வரவில்லை. அத்தனை வருடமும், ரோட்டில் கட்டில் தெரிந்தால், தூக்கி வருகிறவர்களின் நடையைத்தான் முதலில் பார்ப்பாள். அவர்கள் ஓட்டமும் நடையுமாக வந்தால் வெந்நீர் போடச் சொல்வாள். மெல்ல நடந்து வந்தால் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, வாசலில் வந்து நிற்பாள்.