கால் எட்டாத வண்டி

"மொதல்ல ஒக்காந்து பாருங்கக்கா. ரெண்டு காலும் தரையில முழுசா படணும்" என்றான் உத்திரமேரூர் ஷோரூம் பையன். ஸ்கூட்டரில் ஏறினேன். பெட்ரோல் வாசனை அடித்தது.

இதே வாசனை அம்மாவின் புடவையில் அடித்த அன்று எனக்கு எட்டு வயது. அப்பாவை நைனா என்போம். அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய ஒரு மத்தியானம், அம்மா அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினாள். ஸ்டாண்டை எடுத்து நிமிர்த்தினாள். கால் தரைக்கு எட்டவில்லை. வண்டி சாய்ந்து அவள் காலைச் சுவரோடு அமுக்கிக்கொண்டது. பெட்ரோல் புடவையில் சொட்டியது. நான் தள்ளிப் பார்த்தேன், வண்டி அசையவில்லை.

"நைனாவ எயுப்பட்டாம்மா?"

"வாணாம். தெரிஞ்சா அப்புறம் வண்டியத் தொடவே வுடமாட்டாரு."

அவர் தானாக எழும்வரை அம்மா அப்படியே கிடந்தாள். நைனா ஒரே மூச்சில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். "காலே எட்டல, உனுக்கு இன்னாத்துக்கு வண்டி?"

அன்றிலிருந்து சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் அம்மா அவர் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஷோரூமில் என் கணவர் உயரமான பைக் ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இதையே எடுத்துக்கலாம். நீ எங்க போவணும்னாலும் நான் இட்டுக்கினு போறேன். எறங்கி வா."

இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டேன்.

"தம்பி, என் தலைக்கு ஒரு ஹெல்மெட் எடு."