விபூதிதான், வேறொன்றுமில்லை

என் ஓரகத்தி கடைக்கு வந்த முதல் வாரமே என் ஸ்க்ரூ டப்பாவைக் கொட்டிப் பிரித்தாள். பதினான்கு வருடங்களாக எல்லா லேப்டாப்பின் ஸ்க்ரூவும் ஒரே பிஸ்கட் டப்பாவில்தான் கிடந்தன. எது எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும். அவள் சின்னச் சின்ன மாத்திரை டப்பாக்களை வாங்கிவந்து, நீளம் பார்த்து, தலை பார்த்து, தனித்தனியாகப் போட்டு, மேலே சீட்டு ஒட்டினாள். மறுநாள் எனக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கணவரின் தம்பியைக் கட்டிக்கொண்டு அரக்கோணத்திலிருந்து வந்தவள். வீட்டில் சும்மா இருக்கிறாளே, உன் கூடக் கடையில் உட்காரட்டும் என்று மாமியார் அனுப்பிவைத்தார். திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை என்றால் அது என் கடை. ஒரு பொம்பளை என்னத்தைப் பிரித்துப் பார்ப்பாள் என்று சிரித்தவர்களுக்கு முன்னால் நான் ஒண்டியாக நின்று வளர்த்த கடை. இவள் ஆறே மாதத்தில் எல்லாம் கற்றுக்கொண்டாள். யூடியூப் பார்த்தே பாதியைக் கற்றாள். மீதியை என்னைப் பார்த்துக் கற்றாள். அந்த மீதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. கூட வேலை செய்கிறவர்களின் லேப்டாப்பை மாலை ரயிலில் தூக்கிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் என் மேஜையில் வைப்பார். ஒருநாள் நேராகப் போய் அவள் மேஜையில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். "உனக்குத்தான் வேலை ஜாஸ்தியா கீதே" என்றார். அப்போது என் மேஜையில் ஒரு டீ டம்ளர் மட்டும்தான் இருந்தது.

இது பொறாமை என்று அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. அனுபவம் போதாதவள் என்று அவளைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கடையில அந்தப் பொண்ணு ரொம்பப் பொறுமையா பாக்குதாமே" என்று சொன்னபோதுகூட, "ஆங், நான்தான் பழக்கிகினு இருக்கேன்" என்றேன். ஜெபித்துவிட்டு வந்த வாய் அது.

ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறதா இல்லையா என்று சொல்வதில் எங்கள் இருவருக்கும் வழி வேறு. நான் காதால் பார்க்கிறவள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை டிஸ்க் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பது கேட்கும். நல்ல டிஸ்க் ஒரே சீராக இரையும். போய்க்கொண்டிருக்கும் டிஸ்க் 'டிக்' என்று ஒரு தட்டு தட்டும், கொஞ்சம் சும்மா இருக்கும், மறுபடி தட்டும். உள்ளே இருக்கும் முள் படிக்க வேண்டிய இடத்தைத் தேடிப்போய், கிடைக்காமல் திரும்புகிற சத்தம் அது. ஓரகத்தி காதையெல்லாம் வைக்கமாட்டாள். ஒரு மென்பொருளை ஓட்டி, டிஸ்க்கில் எத்தனை இடம் பழுது, எத்தனை முறை படிக்க முடியாமல் போனது என்று பார்த்து, அதை அச்செடுத்துக் கையில் கொடுப்பாள். வாடிக்கையாளர்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் போல அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். என் காதை யார் மடித்துப் பையில் வைக்கப்போகிறார்கள்? இத்தனைக்கும் இரண்டு பேரும் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த ஊர் லேப்டாப்புகளுக்கென்று ஒரு வியாதி உண்டு. புதிதாக வாங்கியதும் மலைக்குத்தான் முதலில் போகும். சந்நிதியில் கொடுத்த விபூதியைக் கீபோர்டு மேல் தூவுவார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். அப்புறம் பரீட்சை, இண்டர்வியூ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை. அத்தனையும் இடுக்கு வழியாக இறங்கி உள்ளே இருக்கும் விசிறியில் அப்பிக்கொள்ளும். விசிறி கரகரக்கும், லேப்டாப் கொதிக்கும், நடுவில் நின்றுபோகும். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம்; வீட்டில் யார் நெற்றியிலும் விபூதி கிடையாது, என் பிரஷ்ஷில் மட்டும் எப்போதும் இருக்கும். 'விபூதிதான், வேற ஒண்ணுமில்ல' என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. அநேகமாக அது சரியாகவும் இருக்கும்.

போன வருடம் கே.ஜி.கண்டிகைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். விவசாயக் குடும்பம். வேளாண்மையில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலை இலையில் விழுகிற புள்ளி நோய்தான் அவள் ஆராய்ச்சி. முதல் புள்ளி எப்படி விழுகிறது, பத்தாம் நாள் எப்படிப் பரவுகிறது என்று நான்கு பருவங்களாக, ஒரே நிலத்தில், நாள் தவறாமல் படம் எடுத்திருந்தாள். அதற்காக அவள் அப்பா நிலத்தில் ஒரு பகுதிக்கு மருந்தே அடிக்காமல் விட்டுவைத்தாராம். நல்ல பயிர் கண் முன்னால் கருகுவதைப் பார்த்துக்கொண்டு, மருந்து வீட்டில் இருந்தும் அடிக்காமல் இருந்த மனிதர்.

"ரெண்டு நாளா டிக்கு டிக்குனு சத்தம் வருதுங்க. ஒரு ஃபோல்டர் தொறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்றாள்.

"படமெல்லாம் வேற எங்கனா வச்சிருக்கியா?" என்று ஓரகத்தி கேட்டாள்.

"மொத ரெண்டு பருவம் பென்டிரைவ்ல இருக்குதுங்க. மீதி ரெண்டும் இதுல மட்டும்தான். கேமரா காலேஜோடது. கார்டை அழிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்."

ஓரகத்தி தன் மென்பொருளை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை அணைத்து மூடினாள். "டிஸ்க் போய்கினு இருக்குது. இனிமே ஆன் பண்ணவே கூடாது. கொயந்தைக்குப் பால் குடுத்துட்டு வந்துடறேன், மொத வேலையா காப்பி எடுத்துடலாம்." வாசல் வரைக்கும் போனவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இத ஆன் பண்ணிடாதீங்க."

வாடிக்கையாளர் முன்னால் சொன்னாள். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான், என் கடையில், என்னிடம், ஆன் பண்ணாதே என்கிறது. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

அவள் போனதும் அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தாள். "நீங்க பெரியவங்க. நீங்க ஒரு தடவ பாத்து சொல்லுங்களேன். சாயங்காலத்துக்குள்ள கைடுக்கு ரெண்டு சாப்டர் அனுப்பணும். இங்க வச்சிட்டுப் போனா ஆவாது."

பெரியவங்க என்ற அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அடிமூடியைக் கழற்றினேன். விசிறியில் விபூதி மெத்தை மாதிரி படிந்திருந்தது. "நைனா ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலைக்குப் போய் வந்து தூவுவாருங்க" என்று அவள் வெட்கப்பட்டாள். பிரஷ் போட்டு எல்லாவற்றையும் எடுத்தேன். பிறகு விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை ஆன் செய்து, டிஸ்க் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தேன்.

டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக்.

விசிறி ஓடவில்லை. சத்தம் டிஸ்க்கிலிருந்துதான் வந்தது. இந்த இடத்தில் நான் ஏமாந்துபோனேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஏமாறவில்லை. தெளிவாகக் கேட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால், ஓரகத்தி சொன்னதையே நானும் வழிமொழிந்ததாக ஆகும். அவள் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது அந்த லேப்டாப் அங்கே இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"விபூதிதான், வேற ஒண்ணுமில்ல" என்றேன். விசிறியை மாட்டி ஓடவிட்டேன். கரகரப்பு போயிருந்தது. அது பட்டுப்போல ஓடுகிற சத்தத்தில் டிக் அமுங்கிப்போனது. "எடுத்துகினு போ. தைரியமா வேலை பாரு."

"நல்ல வேளை நீங்க இருந்தீங்க" என்று அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஓரகத்தி திரும்பி வந்து காலி மேஜையைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு எங்கக்கா?"

"போய்ட்டா. விசிறியில விபூதி. எடுத்துட்டேன்."

"சத்தம் டிஸ்க்லருந்து வந்துச்சேக்கா."

"பதினாலு வருஷமா கேக்கற காது இது."

அவள், "அவ நம்பர் வாங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். நம்பர் என் நோட்டில் இருந்தது. அவள் சண்டை போட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. சண்டை போடாமல் தலையைக் குனிந்துகொண்டு வேறு வேலையைப் பார்த்தாள், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அடுத்த இரண்டு நாட்களும் அந்த நோட்டைத் திறந்து நம்பரைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

நான்காம் நாள் அந்தப் பெண் ஓடிவந்தாள். திரை கறுப்பாக இருந்தது. அழுது முடித்துவிட்டு வந்த முகம். நேராக என்னிடம்தான் வந்தாள். நான் கை நீட்டும்முன் ஓரகத்தி எழுந்துவந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். டிஸ்க்கை வெளியே எடுத்து, தனியாக ஒயர் மாட்டி, படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். சூடேறினால் நிறுத்துவாள், ஆறவிடுவாள், மறுபடி இழுப்பாள். மூன்று நாட்கள் அந்தச் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. இப்போது அதைக் கேட்க ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை. நான் என் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு படம் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பருவம் முழுசாக வந்தது. நான்காவதில் முதல் சில நாட்கள் மட்டும் வந்தன. அதற்குமேல் டிஸ்க் சுற்றவே இல்லை.

புது டிஸ்க் போட்ட லேப்டாப்பை வாங்கிப்போக வந்தபோது அந்தப் பெண் ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்தாள். அதை என் மேஜையில் வைத்தாள். "இவங்க சொன்னாங்கக்கா. நீங்க அன்னிக்கு விசிறிய சுத்தம் பண்ணலன்னா சூட்டுல இதுகூட வந்திருக்காதாம். ரொம்ப தேங்க்ஸ்க்கா."

ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கையில் என்னை மிஞ்சினாள், சரி. இப்போது மனசிலும் மிஞ்சிவிட்டாளே என்று வயிறு எரிந்தது. என்னைக் காப்பாற்றியவள் மேல் அந்த நிமிடம் எனக்கு இருந்த ஆத்திரம் சொல்லி மாளாது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வேர்க்கடலையை வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தப் பெண் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நைனாதான் பாவம். இன்னொரு பருவம் மருந்தடிக்காம வுடணும்."

"நான் சத்தத்தைக் கேட்டேம்மா" என்றேன். "விசிறி நின்னப்பறமும் கேட்டேன். டிஸ்க் போவுதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் உன்ன அனுப்பினேன்."

அவளுக்குப் புரியவில்லை. "ஏன்க்கா?"

"இவ சொன்னது சரின்னு சொல்ல மனசு வரல."

என்னையும் ஓரகத்தியையும் மாறிமாறிப் பார்த்தாள். "அன்னிக்கே காப்பி எடுத்திருந்தா முழுசா வந்திருக்குமா?"

"ஆங். வந்திருக்கும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வேர்க்கடலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை, போய்வருகிறேன் என்று சொல்லவும் இல்லை.

அவள் தெருமுனை தாண்டியதும் ஓரகத்தி ஒயரைத் தூக்கி மேஜையில் எறிந்தாள். அவள் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "உங்கள யாருக்கா சொல்லச் சொன்னாங்க? உங்களுக்காகப் பொய் சொன்னேன்னு நெனச்சீங்களா? இது ஊர்ல தெரிஞ்சா நாளைக்கு எவன் இந்தக் கடைப் படி ஏறுவான்? என் கொயந்தையும் இதுலதான சோறு துன்னுது!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. தேவதை ஒன்றுமில்லை இவள், என்னை மாதிரி கடைக்காரிதான். டீ வாங்கிவந்து அவள் மேஜையில் வைத்தேன். முதலில் தொடவில்லை. ஆறினபிறகு எடுத்துக் குடித்தாள். அதற்கப்புறம் என் ஸ்க்ரூவை நானே அவளுடைய டப்பாக்களில் பிரித்துப் போட ஆரம்பித்தேன். இந்தப் பொறாமைச் சனியன் என்னை விட்டுத் தொலைந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த பருவத்தில் ஒருநாள் மதியம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். வெயிலில் நிலத்தில் நின்று முகம் கறுத்திருந்தது. கேமரா கார்டில் இருந்த படங்களை இரண்டு இடத்தில் காப்பி எடுக்க வேண்டுமாம். ஓரகத்தி வீட்டுக்குப் போயிருந்தாள்.

"குடும்மா, அஞ்சு நிமிஷம்" என்று கை நீட்டினேன்.

"இல்லக்கா. அவங்க வரட்டும்."

"ஒரு மணி நேரம் ஆவும்."

"ஆவட்டுங்க. குந்தினு இருக்கேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆனது. நான் ஒரு கீபோர்டைப் பிரித்தேன், மாட்டினேன், மறுபடி பிரித்தேன். பொறாமையாக இருந்தது, பழைய பொறாமையேதான், துளியும் குறையாமல்.

ஓரகத்தி உள்ளே வந்ததும் அந்தப் பெண் எழுந்தாள். ஓரகத்தியின் மேஜைக்குப் போக என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் மேஜை மேல் படாமல் தாண்டிப் போனாள்.