நைனாவின் நிறம்

ராயபுரத்தில் எங்கள் கோயிலையொட்டிய பள்ளிக்கூடத்தில் ஞாயிறு பிற்பகல்களில் வாட்டர் கலர் வகுப்பு நடந்தது. நான் அங்கேயே மூன்றாம் வகுப்பு டீச்சர். ஓவியம் சொல்லிக்கொடுக்க வந்தவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். ஆளுக்கொரு போட்டோ கொண்டுவரச் சொன்னாள்.

நான் அப்பாவின் படத்தை எடுத்துப் போனேன், நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அண்ணன் கல்யாணத்தின்போது ஸ்டுடியோவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். முகத்தில் பவுடர் அப்பி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். இருபது வருடம் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகக் கரி இறக்கியவர் என்று அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியாது.

“போட்டோவுல வெளிச்சமும் நிழலும்தான் இருக்கு. நிறம் உங்க பொறுப்பு,” என்றாள் ஓவிய டீச்சர்.

கட்டம் போட்டு வரைந்தேன். முகத்துக்கு வந்ததும் கை தானாகவே சிவப்பையும் மஞ்சளையும் நீர்க்கக் கலந்தது. காலண்டர் படங்களில் இருக்குமே, அந்த நிறம். வகுப்பில் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

வீட்டில் நைனா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாரும்மா இவரு? தொரை மாரி கீறாரு?”

“நீதான் நைனா.”

“நானா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இன்னாத்துக்கும்மா மாத்தினே? கருப்புன்னா நல்லா இல்லியா?”

வேண்டுமென்று மாற்றவில்லை, யோசிக்காமலே மாற்றியிருந்தேன். அதுதான் உறுத்தியது.

“தப்பாப் பூடுச்சு நைனா. வேற போடறேன், உக்காரு.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, புதுக் காகிதத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினார். “இத்தப் பாத்துக் கலக்கு.”

பழுப்பு மட்டும் போதவில்லை. நீலம் சேர்த்தேன். முழங்கைக்கு மேலே கொஞ்சம் சிவப்பு கேட்டது. விரல் கணுக்களில் ஏறக்குறைய ஊதா. மணிக்கட்டில், கரித்தூள் தோலுக்குள்ளேயே தங்கிப்போன ஒரு தழும்பு. அது எப்படி வந்தது என்று அன்றுதான் கேட்டேன். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் கலந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் ஓவிய டீச்சர் படத்தை வெகுநேரம் பார்த்தாள். எதோடு எதைக் கலந்தேன் என்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நைனா படத்தை வாசல் அறையில் மாட்டினார். “எம் பொண்ணு போட்டுது,” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். மூக்கு கொஞ்சம் கோணலாக வந்திருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.