கூரை பார்க்கப் பழகின வருசம்

கூரை பார்க்கிற வேலையில் உடைந்த ஓட்டைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். இறங்கி வந்து அதை வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே சொல்வதுதான் மற்றப் பாதி.

அந்த மற்றப் பாதிதான் எனக்கு வராது. கடைக்குப் போனால் சாமானைக் கையால் காட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான். இதை வாசிக்கிறவர்களிலும் என் மாதிரிப் பலர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் என் பாடு விளங்கும்.

2009இல் மகளை நேர்சரியில் விடத் தொடங்கின கையோடு ரவி அண்ணையிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் பிரான்சில் கூரை வேலை செய்துவிட்டு லண்டனுக்கு மாறி வந்தவர். எங்கட சனம் வீடு வாங்க முன்னம் அந்த வீட்டின் கூரையைப் பார்த்துச் சொல்வதுதான் அவருடைய தொழில். முழங்கால் பழுதாகி, வயிறும் வைத்துவிட்டதால், கூரைக்கு அடியில் இருக்கிற லொஃப்டுக்குப் போகிற சீலிங் வாசலுக்குள்ளால் அவரால் புக ஏலாது. நான் ஒல்லி. அதனால் எடுத்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது என்று சொன்னேன். "எழுதுறது நான். நீர் பார்த்துச் சொன்னால் காணும். கோடை முடியுமட்டும் பார்ப்பம் தங்கச்சி. ஆக்களுக்குச் சொல்ல ஏலாட்டில் நான் வேற ஆளைத்தான் பிடிக்கோணும்" என்றார். வீடு வாங்குகிற ஆக்களே குறைந்துபோன வருசம் அது. நேர்சரி நேரத்துக்குள் முடிகிற வேலை வேறெங்கே கிடைக்கும்? அந்தப் பயத்தோடுதான் ஏறத் தொடங்கினேன்.

ஏணி

முதல் வீடு கிங்ஸ்பரியில். ஏணியில் ஏறி, மழைத்தண்ணீர் ஓடுகிற பீலிக்குப் பக்கத்தில் நின்று, கீழ்வரிசை ஓடுகளைப் பார்க்கவேண்டும். ரவி அண்ணை அடியில் பிடித்துக்கொண்டார். பாதி ஏறினதும் காற்று அடித்தது. ஏணி அசைந்ததோ என் கால் அசைந்ததோ தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்று சொன்னபடி நின்றுவிட்டேன். மேலேயும் போக ஏலவில்லை, கீழேயும் வர ஏலவில்லை. நான் விழுந்தால் மகளை நேர்சரியிலிருந்து ஆர் கூட்டிவருவது என்பதுதான் மனதில் ஓடியது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அந்தப் பிள்ளை பாட்டுப் பாடுகிறதா என்று ரவி அண்ணையிடம் கேட்டது எனக்கும் கேட்டது. வெட்கத்தில் கண் திறந்துவிட்டது. கண் திறந்தபோது பீலி முகத்துக்கு நேரே இருந்தது. அதற்குள் பாசியும் ஒரு டென்னிஸ் பந்தும் கிடந்தன. இறங்கி வந்ததும் ரவி அண்ணை சொன்னார்: "மேல முருகன் நிற்கிறார் எண்டு நம்பி ஏறாதையும் தங்கச்சி, கீழ ரவி பிடிச்சிருக்கிறான் எண்டு நம்பி ஏறும்."

சப்பாத்து

எட்மண்டனில் ஒரு வீடு. லொஃப்ட் வாசலுக்கு நேர் கீழே, மாடி நடையில், சாமித்தட்டு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அன்ரி ஏணியை வைக்க விட்டார். ஆனால் என் கால்களைப் பார்த்தார். வேலைச் சப்பாத்தைக் கழற்றக்கூடாது என்று ரவி அண்ணை படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அன்ரியோ, "பிள்ளை, சாமிக்கு மேலால சப்பாத்தோட ஏறுறதோ?" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எங்கே வாய்? சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே போட்டிருந்த மேசும் அழுக்காகிவிடும் என்று அதையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினேன்.

லொஃப்டுக்குள் குளிர் தாங்குவதற்கென்று கண்ணாடிப் பஞ்சு பரப்பியிருப்பார்கள். மெத்தை மாதிரித் தெரியும். அதற்குள் வெறுங்காலை வைத்தவர்களுக்குத்தான் தெரியும், அது மெத்தை இல்லை. மரச்சட்டத்துக்கு மரச்சட்டம் கால் வைத்துப் போனாலும், பஞ்சு கணுக்கால் வரை ஏறிவிட்டது. ஓடுகள் சரியாக இருந்தன. இறங்கினபோது என் கால் சரியில்லை. சொறிந்து சொறிந்து சிவந்துபோய் நின்ற என்னை அன்ரி கவலையோடு பார்த்தார்: "ஏன் தங்கம் இப்பிடிச் சொறியிறீர், எங்கட வீட்டில மூட்டைப்பூச்சி ஒண்டும் இல்லையே?"

டிஷ்

சவுத்தாலில் ஒரு ஐயாவின் வீட்டில் படுக்கை அறைச் சுவர் மழைக்கு ஊறுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஏறிப் பார்த்தேன். தமிழ் டிவி பார்க்கிற டிஷ்ஷைச் சிம்னியிலேயே ஆணி அடித்துப் பூட்டியிருந்தார்கள். காற்று டிஷ்ஷை ஆட்ட ஆட்ட, செங்கல்லுக்கு நடுவில் இருந்த சாந்து பெயர்ந்து, அடியில் இருந்த ஈயத் தகடும் கிழிந்திருந்தது. தண்ணீர் அதற்குள்ளால்தான் இறங்கியது. சிம்னி விழாது. ஆனால் டிஷ்ஷைக் கழற்றாமல் ஒழுக்கை நிறுத்த ஏலாது.

உள்ளே போனேன். வீடு முழுக்க டிவிக்கு முன்னால் இருந்தது. டிவியில் ஊர்ச் செய்தி. ஊரில் போர் உச்சத்தில் நின்ற நாட்கள் அவை. ரவி அண்ணையின் காதுக்குள் விசயத்தைச் சொன்னேன். "பார்த்தது நீர், நீரே சொல்லும்" என்றார். "ஐயா... டிஷ்ஷைக் கழட்டிப் பின்சுவரில பூட்டினால் ஒழுக்கு நிண்டுடும்" என்று எப்படியோ சொன்னேன். ஐயா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"மாத்துவம் பிள்ளை. ஊரில என்ர தங்கச்சி குடும்பம் உயிரோட இருக்கு எண்டு ஒரு சேதி வரட்டும், மாத்துவம். அதுமட்டும் வாளி வைச்சுக்கொள்ளுறம்."

தொட்டில்

கோடை முடிகிற நேரம். கிங்ஸ்பரியில் ஒரு இளம் சோடி வீடு வாங்க இருந்தார்கள். மனைவிக்கு நிறைமாதம். கையெழுத்து வைக்க முன்னமே ஐயரிடம் நாள் கேட்டு, பால் காய்ச்சுவதற்குச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். எங்கட ஆக்கள் இப்படித்தான்: நாள் முதல், கூரை பிறகு. "சின்னச் சின்னப் பிழை எண்டால் சொல்லத் தேவையில்லை" என்று கணவன் சிரித்தான். மனைவி பின்னறையைக் காட்டி, "தொட்டில் இஞ்சதான்" என்றாள்.

அந்த அறையில், வீட்டை விற்கிறவர்கள் நெருப்பு மூட்டுகிற இடத்தை இடித்து, சிம்னியின் கீழ்ப்பகுதியை எடுத்து, அறையைப் பெரிதாக்கியிருந்தார்கள். நான் லொஃப்டுக்குள் ஏறி டோர்ச் அடித்தேன். மேல்பகுதி அப்படியே நின்றது. அவ்வளவு செங்கல்லும் ஒரு பலகையில் குந்தியிருந்தது. பலகை நடுவில் வளைந்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் தொட்டில்.

ரவி அண்ணை வெளியே வான் வண்டியில் ஏணி கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடுவோமா என்று ஒரு கணம் யோசித்தேன். இறங்கினேன். மனைவி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தொட்டிலை அதில போடாதேங்கோ!"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கத்தியே விட்டேன். கணவனின் சிரிப்பு நின்றது. "என்ன சொல்லுறீங்கள்? சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. நாலு செங்கல்லுக்காக நாளை மாத்தோணுமோ?"

"நாலு இல்லை அண்ணை. ஏறிப் பாருங்கோ" என்று டோர்ச்சை நீட்டினேன்.

அவன் ஏறி, தலையை உள்ளே விட்டான். தலையெல்லாம் ஒட்டறையோடு இறங்கி வந்து மனைவியின் கையைப் பிடித்து, முதலில் அவளை அந்த அறையிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். பால் காய்ச்சுகிற நாள் போனது. அந்த வீடும் போனது. மாமி என்ன சொல்வாவோ என்று மனைவி அழுதாள். ஆக்களைப் பார்த்துக் கத்தினதோடு என் வேலையும் போனது என்றுதான் நானும் நினைத்தேன்.

வாசலில் கணவன் ரவி அண்ணையை நிற்பாட்டினான்: "அண்ணை, அடுத்த வீட்டுக்கும் இந்தத் தங்கச்சியைத்தான் கூட்டிவரோணும், ஆனால் வாயைத் திறக்க முதல் ஒருக்காச் சிரிக்கச் சொல்லுங்கோ, பிள்ளைத்தாச்சி பயந்துபோனா."

இப்போதும் ஏறும்போது கால் நடுங்குகிறது, இறங்கினபிறகு நாக்கு நடுங்குகிறது, இரண்டு நடுக்கத்துக்கும் சேர்த்து ஒரே சம்பளம்தான்.