பை பார்க்க ஒரு ஆள்

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் யோசிக்காமல் வாக்குக் கொடுத்தார். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். யோசிக்காமல் என்று சொல்வதும் தப்புதான். அவள் எடுக்க மாட்டாள் என்று நன்றாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். அவள் எடுத்துவிட்டாள். ஒரு தகப்பனுக்கு வரவேண்டிய சந்தோஷம் அவர் முகத்தில் வந்தது. கூடவே, வடசேரியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வரவேண்டிய கவலையும் வந்தது. சந்தோஷம் சீக்கிரம் போய்விட்டது.

மறுநாளே மாற்றுத் திட்டங்கள் வர ஆரம்பித்தன.

“திற்பரப்புக்கு என்ன கொறச்சல் மக்கா? தண்ணி மேலேருந்து விழுது. பாறை வழுக்குது. சவாரி போக போட்டு உண்டு. கரைக்கு வந்தா சூடா பஜ்ஜி. இதத்தான அவனுவ காசு வாங்கிட்டுச் செய்யானுவ?”

“அப்பா, அது அருவி” என்றாள் மகள்.

“அப்பம் வட்டக்கோட்டைக்குப் போவோம். சாஞ்ச பாதை ஒண்ணு உண்டு, கேட்டியா? மேல ஏறி கீழ ஓடி வரலாம். எத்தன தடவ ஓடுனாலும் ஒருத்தனும் டிக்கெட் கேக்க மாட்டான்.”

ஏழாவது படிக்கும் மகன், அங்கே சறுக்கு இருக்கிறதா என்று கேட்டான். வழுக்கி விழுந்தால் அதுவும் சறுக்குதான் என்று பதில் கிடைத்தது. மகள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மிச்சம் வைத்த சோறு அவருடைய மனசை எப்போதும் உருக்கிவிடும். தீம் பார்க் உறுதியானது.

இந்தப் பேச்சில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மகள் செல்போனில் காட்டிய ஒரு வீடியோவில் பெரிய குளம் ஒன்று இருந்தது. மெஷின் வைத்து அதில் அலை வரவைக்கிறார்கள். என் வயசுப் பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு அலைக்காகக் காத்து நிற்கிறார்கள். வந்ததும் கூச்சல் போடுகிறார்கள். எனக்கு அதில் இறங்க வேண்டும் என்று இருந்தது. வேறு எந்த ராட்டினமும் வேண்டாம். அந்தக் குளம் மட்டும் போதும்.

சிரிப்பாகத்தான் இருக்கும். மூன்று கடல் சேருகிற மாவட்டத்தில் பிறந்து, அதே மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். ஆனால் கடல் என்பது எனக்குக் கணுக்கால் வரைக்கும்தான். வெளியூர்ச் சொந்தக்காரர்களைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கொண்டு போனால், கொஞ்சம் உள்ளே இறங்கியதும் போலீஸ்காரர் விசில் ஊதுவார். அதற்கு முன்பே என் வீட்டுக்காரர் கத்தியிருப்பார். சரி, திற்பரப்பில் குளிக்கலாமே என்றால், அங்கே எனக்கு உத்தியோகம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் தண்ணீருக்குப் போனால் ஒரு பெண் கரையில் உட்கார்ந்தாக வேண்டும். சங்கிலி அருவியோடு போய்விடும் என்று எல்லாரும் கழற்றி அவள் கையில் கொடுப்பார்கள். செல்போன், வண்டிச் சாவி, மூக்குக்கண்ணாடி, தலை துவட்டுகிற துவர்த்து எல்லாம் அவள் மடியில் வந்து சேரும். கல்யாணமான புதிதில் நான் வயிற்றுப்பிள்ளைக்காரி என்று உட்காரவைத்தார்கள். அந்தப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, பத்தாம் வகுப்பும் பாஸாகிவிட்டது. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

பிறகு திட்டம் போடுகிற வேலை நடந்தது. பார்க் கேரளத்துக்குள் வெகுதூரம். நாலு பேருக்காக ஒரு வேன் பிடித்தால் கட்டுப்படியாகாது என்று அவருடைய அக்கா குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டார். இப்போது நாங்கள் எட்டுப் பேர். எட்டுப் பேர் என்றதும் அவருக்குள் இருந்த மொத்த வியாபாரி விழித்துக்கொண்டார். பார்க்குக்கே போன் போட்டார்.

“நாங்க எட்டு பேரு வாறோம். மொத்தமா எடுத்தா எவ்வளவு கொறப்பிய?”

எதிர்முனையில் இருந்த பெண், கூட்டமாக வந்தால் சலுகை உண்டு, ஆனால் எட்டுப் பேரைக் கூட்டம் என்று சொல்வதில்லை என்று தன்மையாக விளக்கியிருக்கிறாள். இவர் விடவில்லை. இரண்டு சட்டி சேர்த்து எடுத்தாலே தன் கடையில் குறைத்துக் கொடுப்பதாகச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு வியாபாரம் கற்றுக்கொடுத்தார். கடைசியில் அவள், சின்னப் பிள்ளைகளுக்கு உயரத்தைப் பார்த்து டிக்கெட்டில் கழிவு உண்டு என்று சொல்லித் தப்பித்தாள்.

அன்றைக்கே மகனைக் கதவோடு சேர்த்து நிறுத்தி அளந்தார். கழிவு கிடைக்கிற உயரத்தைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக நின்றான். பிள்ளை வளர்ந்ததற்காக ஒரு தகப்பன் இவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

“கால் முட்ட லேசா மடக்கி நில்லுல. அங்கயும் இப்படியே நிக்கணும், கேட்டியா?”

போவதற்கு முன்பு முடியையும் ஒட்ட வெட்டிவிட்டால் அதில் ஒரு விரற்கடை குறையும் என்று கண்டுபிடித்தார். வெட்டவும் செய்தார்கள். பிள்ளை இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா குடும்பமும் சாப்பிட வந்திருந்தது. பார்க்கின் சட்டதிட்டங்களை இவர் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே வாங்கினால் ஒரு இட்லி விலைக்கு இங்கே ஒரு குடும்பம் சாப்பிடலாம். பையை வைக்க லாக்கர் உண்டு, அதற்குத் தனி வாடகை. எல்லாரும் பார்க்குக்காரர்களைத் திட்டினார்கள். இவர் மட்டும் திட்டவில்லை. முகத்தில் ஒரு பிரகாசம்.

“இதுக்கு ஒரு வழி இருக்கு. இவ வாசல்ல இருந்துட்டா மூணு லாபம் பாத்துக்கோ. சாப்பாடு நம்ம சாப்பாடு. லாக்கர் வேண்டாம். ஒரு டிக்கெட்டும் மிச்சம்.”

இவ என்பது நான்தான். அவர் மனசில் துளி விஷம் கிடையாது. சொல்லி முடித்துவிட்டு ரசத்துக்குக் கையை ஏந்தினார். எல்லாரும் நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னேன்.

“எனக்கு அந்த அலைக்குளத்துல எறங்கணும்.”

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

“இந்த வயசுல நமக்கு என்னத்துக்குப் பிள்ளே அதெல்லாம்?”

அவருக்கு என்னைவிட நாலு வயது மூப்பு. அவருடைய டிக்கெட் கணக்கில் இருந்தது.

என் வீட்டுக்காரர், “செரி, பாப்போம்” என்றார். எங்கள் வீட்டில் பாப்போம் என்று சொல்லப்பட்ட எதையும் இதுவரைக்கும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடத் தெரியாது. காரியம் பார்ப்பேன். பார்க்கின் இணையப் பக்கத்தில் விலை போட்டிருக்கிற இடத்தை மட்டும் அவர் படித்திருந்தார். மீதியை நான் மகளை வைத்துக்கொண்டு படித்தேன். சேலையோடு, பருத்தித் துணியோடு குளத்தில் இறங்கவிட மாட்டார்கள். நைலான்தான் வேண்டும் என்று போட்டிருந்தது. கடையில் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்துக்கு நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது. அந்த வாரம் எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொண்டேன்.

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்குப் போய்க் கேட்டோம். விற்கிற பெண் என் மகளை மேலும் கீழும் பார்த்து அளவு சொன்னாள்.

“பிள்ளைக்கு இல்ல, எனக்கு” என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து, முழுக்கை வைத்த கருநீல மேல்சட்டையும் கணுக்கால் வரைக்கும் இறங்குகிற கால்சட்டையும் எடுத்துத் தந்தார்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். மகள் சிரிக்கவில்லை. “கொள்ளாம்மா, நல்லாருக்கு” என்றாள். பெற்ற கடனை அவள் அன்றைக்கே தீர்த்துவிட்டாள்.

போகிற நாளும் வந்தது. புளிச்சோறு, அவித்த முட்டை, நேந்திரங்காய் வறுவல் என்று எட்டுப் பேருக்குக் கட்டினேன். அந்த நைலான் உடுப்பைப் போட்டு, அதற்கு மேல் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். கேரளம் முழுக்க எனக்கு வேர்த்துக் கொட்டியது. உடம்புக்கு என்ன என்று அக்கா இரண்டு தடவை கேட்டார். ஒன்றுமில்லை மைனி, புழுக்கம் என்றேன்.

பார்க் வாசலில் மகனை ஒரு அளவுப் பலகை முன்னால் நிறுத்தினார்கள். முழங்காலை மடக்கினான். காவலுக்கு நின்றவர் சிரித்துக்கொண்டே அவன் முழங்காலைத் தட்டி நிமிர்த்தினார். முழு டிக்கெட். போன முடி போனதுதான். என் வீட்டுக்காரர் கவுண்டருக்குப் போய்த் திரும்பி வந்து எல்லாருக்கும் டிக்கெட்டைப் பங்கு வைத்தார். ஏழு டிக்கெட். தன்னுடையதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம், யாரும் சொல்லாமலே அது நடந்தது. அக்கா சங்கிலியைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். அவருடைய வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். பிள்ளைகள் பையை நீட்டினார்கள். என் கையும் தானாகவே நீண்டது. வருஷக்கணக்கில் பழகிய கை. எல்லாவற்றையும் வாங்கினேன். வாங்கி, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் கையில் ஒவ்வொன்றாக வைத்தேன். சாப்பாட்டுப் பையையும் அவர் தோளில் மாட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தேன்.

“ஏட்டி, அது எனக்கு உள்ளதாக்கும்.”

“திற்பரப்புல ஒரு முங்கு போட்டாலே உங்களுக்கு ஒரு வாரத்துக்குத் தும்மலு. இங்க என்னத்துக்கு எறங்கப் போறிய?”

“பின்ன சாமானத்த யாரு பாக்க?”

“ஒரு ஆளு வாசல்ல இருந்தா மூணு லாபம்னு நீங்கதான சொன்னிய. அது யாரா இருந்தா லாபத்துக்கு என்ன?”

அவர் கவுண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு டிக்கெட் எடுத்து, ஒரு லாக்கரையும் எடுத்தால் தீர்ந்தது. பணமும் கையில் இருந்தது. ஆனால் அவர் போட்ட கணக்கை அவரே எப்படி மீறுவார்? அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள், “அத்தே, வாங்க, கூட்டம் வந்திரும்” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசலுக்கு வெளியே ஒரு மரம் நின்றது, சுற்றிலும் சிமெண்டுத் திண்டு. அதில் கொஞ்சம் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவரும் போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். உள்ளே போகிற அவசரத்தில் நான் வேறெதையும் சரியாகப் பார்க்கவில்லை.

முதல் அலை என்னைக் கீழே தள்ளியது. மருந்து வாடை அடிக்கிற தண்ணீரை வயிறு முட்டக் குடித்தேன். யாரோ ஒருத்தி, முன்பின் தெரியாதவள், கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இரண்டாவது அலைக்கு நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் தாண்டி, இடுப்புத் தாண்டி, நெஞ்சு வரைக்கும் வந்தது. ஒருத்தரும் விசில் ஊதவில்லை. நான் போட்ட கூச்சலில் என் மகனே திரும்பிப் பார்த்தான். சந்தோஷமாக இருந்தேன். இதைக் கிண்டலாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

மத்தியானம் மற்றவர்கள் கையில் முத்திரை வாங்கிக்கொண்டு சாப்பிட வெளியே போனார்கள். நான் போகவில்லை. அடுத்த அலைக்கு மணி அடிக்கிற நேரம் அது. அப்பா மூன்று முட்டை தின்றார் என்று மகன் வந்து தகவல் சொன்னான். அதில் இரண்டு அவருக்கு, ஒன்று எனக்கென்று கட்டியது.

சாயங்காலம் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நான்தான் முதலில் வெளியே வந்தேன். அப்போதுதான் அந்தத் திண்டைச் சரியாகப் பார்த்தேன். மரத்தைச் சுற்றி வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருத்தி மடியிலும் பை, பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு, கை நிறையச் செல்போன். குடும்பத்துக்கு ஒருத்தி. நடுவில் என் வீட்டுக்காரர் மட்டும் ஆம்பிளை.

என்னைக் கண்டதும் எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார்.

“காலைலேருந்து எல்லாவளும் என்னையே பாத்துட்டு இருந்தாளுவ. உங்க வீட்டம்மா வரலியான்னு அந்தா அவ கேட்டா.”

“நீங்க என்ன சொன்னிய?”

“காய்ச்சல், வீட்டுல படுத்திருக்கான்னு சொன்னேன். பின்ன, எம்பொண்டாட்டி உள்ள குளிக்கா, நான் பை பாக்கேன்னா சொல்ல முடியும்?”

இதற்கு என்ன சொல்லலாம் என்று ஏழெட்டுப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர் காட்டிய பெண் எங்களைப் பார்த்துவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, என் வயசுதான் இருக்கும். மடியில் மூன்று பை. என் ஈரத் தலையைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். புரிந்துபோனது, காட்டிக்கொள்ளவில்லை.

“உள்ள நீங்க குளிச்சீங்களாக்கா?”

“ஆமா. அந்த அலை வருகுத குளத்துல.”

“சேலையோட விட மாட்டாங்கன்னு சொன்னாங்களே.”

“இதுக்குன்னு ஒண்ணு வாங்குனேன்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“இப்பப் போனா உள்ள விடுவாங்களா?”

நான் திரும்பிப் பார்த்தேன். கவுண்டரில் ஷட்டரை இறக்கியிருந்தார்கள். உள்ளேயிருந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

“அடச்சிட்டாங்க” என்றேன்.

“இல்ல, சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு, தூரத்தில் ஈரத்தோடு ஓடிவருகிற பிள்ளைக்காகத் துண்டை எடுத்து விரித்துப் பிடித்தாள்.

வேனில் ஏறியதிலிருந்து என் வீட்டுக்காரர் எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்பதை அக்காவின் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் இருந்த ஆள் ஒன்று என்றும், லாபம் மூன்று என்றும் கணக்குச் சொன்னார். அவரை மடக்க எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் ஊர் வந்து சேரும் வரைக்கும், திண்டில் மூன்று பையோடு இருந்தவளையே நினைத்துக்கொண்டு வந்தேன்.