ஆறாம் பலகை

அம்மா தன் கடைசி மழைக்காலத்தை ஒரு மோட்டார் வண்டிக்குள் கழித்தாள். இதைச் சொன்னால் ஆசிரியப் பயிற்சி வகுப்பில் என்னோடு படிக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். பினாங்கில் எந்தத் தமிழ்க் குடும்பத்திடம் அப்படியொரு வண்டி இருந்தது என்று மடக்குகிறார்கள். எங்களிடம் இருந்தது. தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில், ஒரு துரையின் பங்களாவுக்குப் பின்னால், சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்த்தி வைத்திருந்தோம்.

அப்பா அந்தத் துரைக்கு டிரைவர். துரை தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறவர். தங்கும் விடுதிக் கட்டில்களில் மூட்டைப்பூச்சி என்று அலுத்துக்கொண்டு, ஒரு லாரியின் முதுகில் மரத்தால் அறை கட்டி, அதற்குள் கட்டில், மேசை, அலமாரி, முகம் கழுவத் தகரத் தொட்டி என்று ஒரு குடித்தனத்தையே அடைத்துவிட்டார். மூன்று வருஷம் ஓடியது. எஞ்சின் செத்ததும் ஆசையும் செத்துப்போய், வண்டியை அப்பாவிடமே விட்டுவிட்டார். நாங்கள் அதை வீட்டு வண்டி என்போம். நான் அதற்குள் ஏறி நின்று ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன், நின்ற இடத்திலேயே.

எனக்குப் பத்து வயதானபோது அம்மாவின் இருமலில் ரத்தம் வந்தது. நோயாளி தனியாகப் படுக்க வேண்டும், நல்ல காற்று வேண்டும், ஈரம் கூடவே கூடாது, பிள்ளை பக்கத்தில் போகக் கூடாது என்றார் டாக்டர். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அன்று சாயந்திரமே அம்மாவின் பாயும் தலையணையும் வீட்டு வண்டிக்குப் போயின. வண்டிக்கு முன்னால் ஒரு சாக்கடை ஓடியது. அதுதான் எனக்கு எல்லை. எங்களோடு இருந்த அத்தை மட்டும் சோற்றுத் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் திரும்புவாள். நான் சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்று கை ஆட்டுவேன். என்னால் ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம். கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவேன்.

முதல் பெருமழையிலேயே கூரை ஒழுகியது. பதினோரு பலகை, அவற்றுக்கு நடுவே பத்துப் பொருத்து. மேலே போர்த்தியிருந்த கித்தான் எப்போதோ மக்கிக் கிழிந்து போயிருந்தது. பொருத்துகளில் துரை காலத்தில் அடைத்த டாமார் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. டாமார் என்பது நம் குங்கிலியம்தான். அதை இடித்து மர எண்ணெயில் காய்ச்சினால் தேன்போல ஊற்றலாம், ஆறினால் கல். மலாய்க்காரர் படகுக்குப் பூசுவது. கரையில் யாரோ படகுக்காரரிடம் அப்பா இரண்டு கட்டி வாங்கி வந்தார்.

யார் ஏறுவது என்பதில்தான் சிக்கல். பலகைகள் ஊறி இளகியிருந்தன. நான் ஏறுகிறேன் என்று யாரும் கேட்கும் முன்பே ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"பொம்பளப்புள்ளய கூரையில ஏத்துற அப்பன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தாண்ணே" என்றாள் அத்தை.

"நான் ஏறுனா பலகையோட உங்க அண்ணி மேலதான் போய் விழுவேன். நீ ஏறுறியா?"

"எனக்கென்ன, ஏறிடுவேன். எறங்கத்தான் தெரியாது."

பக்கத்தில் போகக் கூடாது என்ற டாக்டர், கூரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அது குற்றமாகாது என்று அப்பா முடிவு செய்தார்.

வேலை இப்படி. பழைய டாமாரைத் தேய்ந்த கத்தியால் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். "பழசு மேலயே புதுச ஊத்துனா பாக்க நல்லாருக்கும், உள்ள அழுகிடும். சுரண்டாம ஊத்துன, கீழ எறக்கிடுவேன்" என்று அப்பா மிரட்டியிருந்தார். பிறகு வெயிலில் ஒரு பகல் காய விட்டு, கெலாம் மரப்பட்டையைத் திரித்துப் பொருத்தில் செருகி, பால் டின்னில் சூடாக ஏற்றிய டாமாரை ஊற்ற வேண்டும். ஒழுகும் இடத்தை மேலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அப்பா ஒரு வழி செய்தார். அம்மாவிடம் ஒரு நீளக் காம்பு அகப்பையைக் கொடுத்தார். எங்கே சொட்டுகிறதோ அங்கே அவள் உள்ளிருந்து தட்டுவாள். மேலே நான் சத்தம் வந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போடுவேன்.

எனக்கு அது பெரிய உற்சாகமாகிவிட்டது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கூரையை வரைந்தேன். பலகைக்கு எண், பொருத்துக்கு எண், தட்டு வந்த இடத்துக்குப் புள்ளி. பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு ஏணி.

டொக், டொக், டொக்.

"இங்கயாம்மா?"

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், பாப்பா. ம்… அங்கதான். இப்ப நீ ஒக்காந்திருக்கற எடம்."

ஒரு அங்குலப் பலகைக்குக் கீழேயிருந்து அவள் குரல் தண்ணீர்ப் பானைக்குள் பேசுவதுபோல வரும்.

"இன்னைக்கு டீச்சர் என்ன சொன்னாங்க?"

"அப்புறம் சொல்றேம்மா. டாமார் எறுகிடும்."

"தலை யாரு பின்னிவிட்டா, அத்தையா? நல்லா இறுக்கிப் பின்னுனாளா?"

"அம்மா! எறுகிடும்மா!"

அவள் சிரிப்பாள், சிரிப்பு இருமலில் போய் முடியும். நான் அடுத்த பொருத்துக்கு நகர்ந்துவிடுவேன்.

ஆறு பொருத்து மட்டும் முடிந்திருந்தபோது ஒரு மத்தியானம் வானம் உடைந்து கொட்டியது. அம்மாவின் படுக்கை தெப்பலாக நனைந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் காய்ச்சல். அத்தை படிக்கட்டில் வைத்த கஞ்சியை அப்படியே திருப்பி எடுத்து வந்தாள். என் நோட்டில் மிச்சம் நான்கு பொருத்து. வெயில் தலைகாட்டிய முதல் நாளே ஏறினேன். கை கொப்பளிக்கச் சுரண்டினேன். நான்கையும் அடைத்தேன்.

அடுத்த மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. விட்டதும் அப்பா வண்டிக்குள் போய்த் தரையைத் தடவிப் பார்த்தார், மெத்தையைத் தடவினார், உத்தரத்தைத் தடவினார். வெளியே வந்து, "ஒரு சொட்டு இல்ல. வேலைக்காரிதாண்டி நீ" என்றார். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்து நிற்கிறேன், உள்ளேயிருந்து தட்டுச் சத்தம். ஏறிப் பார்த்தேன். ஆறாம் பலகையின் நட்டநடுவில், அம்மாவின் தலையணைக்கு நேர் மேலே. அங்கே பொருத்தே கிடையாது. என் படத்தில் அப்படியொரு புள்ளி விழ வழியே இல்லை. ஆனால் மரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம் என்று என் மூளை சொன்னது. டாமார் ஊற்றினேன்.

"அங்கேருந்து என்ன தெரியுது, பாப்பா?"

"மரம் தெரியுது. மலை தெரியுது. வேற என்ன தெரியும்?"

இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி தட்டு. மறுபடி ஊற்றினேன். மூன்றாம் தடவை, நான்காம் தடவை. அந்த இடத்தில் டாமார் தோசைபோலப் படிந்து, பிறகு மேடாகிவிட்டது. சுரண்டாமல் ஊற்றியதை அப்பா பார்த்துவிடுவாரோ என்று பயம் வேறு. பரிசளிப்பு விழாவுக்கு நான் ஒரு நீண்ட பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நேரம் அது. ஐந்தாம் தடவை தட்டியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. கத்திப் பிடியால் நானும் பலகையை ஓங்கி அடித்தேன்.

"அங்க பொருத்தே இல்லம்மா! மழையே இல்ல, எப்படி ஒழுகும்? சும்மா சும்மா கூப்பிடாத. எனக்குப் படிக்கணும்."

கீழே அகப்பையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி பாப்பா. மழை வந்தா பாத்துக்கலாம்."

அதற்குப் பிறகு மழை வரவில்லை. மார்கழி முழுக்க வெயில். தட்டும் வரவில்லை. நான் பாட்டைப் பிழையில்லாமல் சொல்லிப் பரிசு வாங்கினேன். சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்று அதைத் தூக்கிக் காட்டினேன். அம்மா ஜன்னலில் தலையை அசைத்தாள். தைப்பூசக் காவடிகள் எங்கள் சாலை வழியே மலைக்குப் போன மறு வாரம் அவள் செத்துப்போனாள்.

வண்டியை மரத்துக்காக ஒரு சீனத் தச்சர் வாங்கிக்கொண்டார். கூரையைப் பிரிக்கும்போது ஆறாம் பலகையில் அவர் கை நின்றது. இங்கே பொருத்தே இல்லையே, எதற்கு இவ்வளவு டாமார் என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். பலகையைக் கழற்றித் திருப்பி அப்பாவிடம் நீட்டினார். அதன் அடிப்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குள், அகப்பைக் காம்பு பட்ட சின்னச் சின்னக் குழிகள். ஐந்து தடவைக்கு அவை மிக அதிகம். நான் பள்ளிக்குப் போயிருந்த நேரங்களிலும் தட்டியிருக்கிறாள்.

"அம்மாவுக்குச் சரியா எடம் காட்டத் தெரியலப்பா" என்றேன்.

அப்பா அந்தக் குழிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பலகையைத் திருப்பி, மேட்டைத் தடவினார். அதற்குப் பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. தச்சர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சுரண்டாமல் ஊற்றியதைக் கண்டுபிடித்துவிட்டார், ஒரு கட்டி டாமார் வீணாய்ப் போனதற்குத்தான் இப்படி நிற்கிறார் என்று நினைத்தேன்.

"இனிமே இப்படிச் செய்ய மாட்டேம்பா" என்றேன்.